மனந்திருந்தியவனும் பழைய பாட்டும்

தீயதென உணர்ந்து தான் கைவிட்ட வாழ்வைக் கலைஞன் ஒருவன் மீண்டும் பாடலாமா? பாடினால், அப்பாட்டின் திறத்தை மெச்சும் நாம் உண்மையில் எதனை மெச்சுகின்றோம்? இவ்வினாக்கள் புதியனவல்ல. எனினும், 2025 யூலையில் அமெரிக்காவில் வெளிவந்த இசைத்தொகுப்பொன்று இவற்றைக் கூர்மையாக நம்முன் வைத்துள்ளது.

வேர்ஜீனியா பீச் நகரில் வளர்ந்த தோர்ன்ரன் சகோதரர் இருவர் ‘கிளிப்ஸ்’ என்னும் பெயரில் றாப் பாடுவோர். மூத்தவர் மாலிஸ், இளையவர் புஷா ரி. 2002இல் வந்த முதற்றொகுப்பும் 2006இல் வந்த இரண்டாவதும் பெரும்பாலும் கொக்கெயின் விற்பனையையே பொருளாகக் கொண்டவை. 2009இல் இவர்களின் முன்னாள் முகாமையாளர் போதைப்பொருட் கடத்தல் தொடர்பாகக் கைதானார். பின்னர் 32 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அதுவரை பாட்டாகவும் பகட்டாகவும் இருந்த பொருள் வழக்கேட்டிற் பதிவாயிற்று. மூத்தவர் கிறித்தவ நம்பிக்கையுட் புகுந்தார். தீய எண்ணம் எனப் பொருள்படும் தமது மேடைப் பெயருக்கு முன்னே ஒரு மறுப்புச் சொல்லைச் சேர்த்து ‘நோ மாலிஸ்’ ஆனார். தம்பியோ தனித்து நின்று, பழைய பொருளையே பாடிப் புகழ் வளர்த்தார். 2009இன் மூன்றாந் தொகுப்புக்குப் பின் பதினாறு ஆண்டு கழித்து, 52 வயது அண்ணனும் 48 வயதுத் தம்பியும் சேர்ந்து வெளியிட்டதே இந்த நான்காந் தொகுப்பு. அண்ணன் பெயரின் முன்னிருந்த மறுப்புச் சொல் இப்போது மறைந்துவிட்டது.

கேட்போர் இதனை ஆரவாரத்துடன் வரவேற்றனர். பில்போர்ட் பட்டியலில் அது 4ஆம் இடத்தில் நுழைந்தது. முதற்றொகுப்பு எட்டிய உச்சமும் அதுவே. ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. கெண்ட்றிக் லமார் பாடிய பகுதியொன்றின் பொருட்டு டெவ் ஜாம் நிறுவனத்தோடு பிணக்கு ஏற்பட்டதாகவும், பெருந்தொகை கொடுத்து அவ்வொப்பந்தத்திலிருந்து விலகியதாகவும் புஷா ரி கூறியதும் இவர்கள்மீது மதிப்பை உயர்த்திற்று. இளைஞர்க்கேயுரியதெனக் கருதப்பட்ட ஒரு கலை ஐம்பதை எட்டியும் சொற்செட்டுக் குன்றாது நிற்பதில் பலருக்குப் பெருமிதம். அப்பெருமிதம் நியாயமானதே. ஆயினும் புகழுரைகளிற் பெரும்பாலானவை எதுகையையும் சிலேடையையும் குரலின் அமைதியையுமே எடைபோட்டன. உருவத்தை நிறுத்துப் பார்த்த தராசில் உள்ளடக்கத்தை ஏற்ற மறந்தார்கள் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

முதற் பாட்டு வேறு வகையானது. சில மாத இடைவெளியில் இறந்த தம் பெற்றோரை இருவரும் அதிற் பாடுகின்றனர். தம்பி தாயையும் அண்ணன் தந்தையையும். வீட்டில் தந்தை இறந்து கிடக்கக் கண்டவர் அண்ணனே. இறுதி நாள்களில் தாய் பேசிய பேச்சினுள் இருந்த குறிப்பை உணராது போனோமே என்னும் தம்பியின் மனவுளைச்சலும் அங்கே மறைக்கப்படவில்லை. பகட்டு முற்றாக நீங்கிய சொற்கள் அவை. இத்தொகுப்பின் உயர்ந்த இடம் இதுவென்பதில் நமக்கு ஐயமில்லை.

ஏனைய பாட்டுகளுக்காக வாதாடுவோர் கூறுவது யாது? ‘அவர்கள் தம் சமூகத்தையே பாடுகின்றனர், குற்றத்தைப் படைத்தது சமூகம்’ என்பர். இதில் உண்மையுண்டு. 1986ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், தூள் கொக்கெயின் 500 கிராமுக்கு விதித்த குறைந்தபட்ச ஐந்தாண்டுச் சிறையை, ஏழைத் தெருக்களிற் புழங்கிய ‘கிராக்’ வகைக்கு 5 கிராமுக்கே விதித்தது. அச்சட்டத்தாற் பெரிதும் சிறைசென்றோர் கறுப்பின மக்கள். 2010இல் 5 கிராம் 28 கிராமாக உயர்த்தப்பட்டது. ஏற்றத்தாழ்வு குறைந்ததேயன்றி ஒழியவில்லை. வேலையும் வழியும் அடைபட்ட தெருவில் நிற்பவனுக்கு ஒழுக்கப் பிரசங்கம் செய்வது, வயிறு நிறைந்தவர்க்கு எளிது. அப்பிரசங்கத்தை நாம் செய்ய விரும்பவில்லை.

ஆனால் இத்தொகுப்பு பிறந்த இடம் அத்தெருவன்று. இசையமைத்த பரல் வில்லியம்ஸ், 2023 முதல் லூயி வித்தோன் நிறுவனத்தின் ஆடவர் ஆடைப்பிரிவுக்குப் பொறுப்பாளர். பரிஸ் நகரில் அந்நிறுவனத்தின் தலைமையகத்திலேயே பாட்டுகளிற் பெரும்பகுதி பதிவாயிற்று. ஐந்து கிராமுக்காக ஒருவன் ஐந்தாண்டு இழந்த பண்டம், இங்கே கைக்கடிகாரத்துக்கும் காருக்கும் பக்கத்தில் வைக்கப்படும் ஓர் அணிகலனாகிவிடுகின்றது. விற்றவன் பாடுகின்றான், அவன் செல்வம் பாடப்படுகின்றது, அவன்மேற் பொறாமை கொண்டோரும் பாடப்படுகின்றனர். வாங்கியவன் எங்கே? அவன் பெரும்பாலும் பின்னணியில் ஒரு நிழலாகவே கடந்து போகின்றான். சமூகத்தைப் பாடுவதென்றால் அவனையும் அவன் வீட்டாரையுமன்றோ பாடவேண்டும்?

மனந்திருந்தியவன் பழம் பிழையைப் பேசவே கூடாதென்பது நம் கருத்தன்று. கிறித்தவ மரபிலேயே அகுஸ்தீனார் தமது ‘ஒப்புதல்’ நூலில், இளமையிற் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடியதை விரிவாக எழுதியுள்ளார். பசியாலன்று, தவறு செய்வதிலிருந்த இன்பத்துக்காகவே திருடினோமென்று அவ்வின்பத்தையே அறுத்து ஆராய்கின்றார். பேரிக்காயின் சுவையை அவர் நம் நாவில் ஏற்ற முயலவில்லை. வேறுபாடு அங்கேதான் உள்ளது. மாலிஸின் வரிகளில் நம்பிக்கையும் விளைவு பற்றிய அச்சமும் இடையிடையே தலைகாட்டுகின்றன; தம்பியின் வரிகளைவிட அவை கனமானவை. ஆனால் அடுத்த அடியிலேயே பழைய சுவை திரும்பி வந்துவிடுகின்றது, அதுவும் மிகத் திறமையாக. திறமை குறைந்த பாட்டென்றால் இவ்வளவு தூரம் நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

தொகுப்பின் தலைப்பு, தரம்பிரிக்கும் வேலையைக் கடவுளிடம் விட்டுவிடுமாறு கூறுகின்றது. 1209இல் பிரான்சின் பெசியேர் நகர்ப் படுகொலையின்போது ஒரு மதத்தலைவர் சொன்னதாகப் பின்வந்தோர் எழுதிவைத்த, ‘எல்லாரையும் கொல்லுங்கள்’ என்று தொடங்கும் கூற்றின் வழிவந்த தொடர் அது. வேதம் கற்ற அண்ணன் இத்தலைப்புக்கு எங்ஙனம் இசைந்தார் என்பது நமக்கு விளங்கவில்லை.

பதின்மூன்று பாட்டுகளில் பெற்றோர் பாட்டை முதலில் வைத்ததும் ஆராயத்தக்கது. துயரத்தை வாயிலில் வைத்தால், கேட்போன் அதனைக் கடந்து உள்ளே சென்றுவிடுகின்றான். ஏனைய பன்னிரண்டையும் அதன் நிழல் எட்டுவதில்லை. இறுதியில் வைத்திருந்தால், அதுவரை தான் தலையசைத்துக் கேட்டவை யாவும் அவனுக்கு மீண்டும் ஒருமுறை வேறு விதமாக ஒலித்திருக்கும்.