மழைநீர் ஓர் அமானத்



ஐப்பசி பிறந்துவிட்டால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மேட்டு ஊர்களில் எல்லாருடைய கண்ணும் வானத்தின் மீதே இருக்கும். ஆற்றுப் பாசனம் எட்டாத அந்த ஊர்களுக்கு மழைதான் ஆதாரம். அது தவறினால் திடலில் கூடி மழைத் தொழுகை தொழுகிறோம். கண்ணீர் மல்க துஆச் செய்கிறோம். கேட்ட ரஹ்மத் இறங்கிய பிறகு அதை என்ன செய்கிறோம் என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய விஷயமாகும்.

மழைநீரைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு ஒன்று ஹதீஸ் நூல்களில் புகழ்பெற்றது. மதீனாவை அடுத்த ஹர்ரா என்னும் கருங்கற் பரப்பிலிருந்து மழைநீர் ஓடைகளாக இறங்கி வரும். அதன் மேற்புறத்தில் ஹஸ்ரத் ஜுபைர் (ரலி) அவர்களின் தோட்டம். கீழ்ப்புறத்தில் அன்ஸாரித் தோழர் ஒருவரின் நிலம். இருவருக்கும் தண்ணீரில் தகராறு வந்தது. மேலே இருப்பவர் முதலில் பாய்ச்சிக்கொண்டு, பிறகு கீழே உள்ள அண்டை வீட்டாருக்கு விட்டுவிட வேண்டும் என்பதே நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய முதல் தீர்ப்பு. மஹ்ஜூர் என்னும் ஓடையைப் பற்றிய தீர்ப்பிலோ, கணுக்கால் அளவு நீர் நின்றதும் கீழே விட வேண்டுமென்று அளவும் வகுக்கப்பட்டது.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? நம் நிலத்தில் விழுந்த மழை நமக்கு மட்டும் சொந்தமன்று. தேவைக்கு நிறுத்திக்கொள்ளும் உரிமை உண்டு. மிச்சத்தை அடுத்தவருக்கு அனுப்பும் கடமையும் உண்டு. நீர்த்துறையிலும், பாதையிலும், மக்கள் அமரும் நிழலிலும் அசுத்தம் செய்பவர் சாபத்துக்கு ஆளாவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதால், அனுப்பும் நீரைக் கெடுக்காமல் அனுப்புவதும் அக்கடமையில் சேர்ந்ததேயாகும்.

இப்போது நம் ஊர்களைப் பார்ப்போம். பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லெப்பைக்குடிக்காடு. அதே வெள்ளாறு கடலூர் மாவட்டத்தைக் கடந்து பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. மேலே ஒரு முஸ்லிம் ஊர், கடைசியில் ஒரு முஸ்லிம் ஊர், இடையில் எத்தனையோ சமயத்தாரின் எத்தனையோ ஊர்கள். அத்தனை பேரும் ஜுபைர் (ரலி) அவர்களின் கீழ்ப்புறத்து அண்டை வீட்டாரைப் போன்றவர்களல்லவா?

ஏரிகளின் அமைப்பும் இப்படித்தான். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அந்த உபரி நீர் கீழ் ஏரிக்குப் போகும். நடுவே வரத்து வாய்க்காலை ஒருவர் மண்போட்டுத் தூர்த்து வீடு கட்டிவிட்டால், பெருமழையில் தெருவே ஆறாகிறது. கோடையில் கீழ் ஊரின் கிணறு வறண்டு கிடக்கிறது. இதைச் செய்தவர் ஐந்து வேளை தொழுபவராக இருந்தாலும், அடியார்களின் ஹக்கை அவர் எப்படித் தீர்ப்பார்?

வாய்க்கால் தப்பினாலும் தண்ணீர் தப்புவதில்லை. கழிவுத் தொட்டியின் குழாயை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிடுகிறோம். பருத்திக்கு மருந்தடித்த டப்பாவை வாய்க்காலில் கழுவுகிறோம். பக்ரீத் அன்று குர்பானியின் இரத்தமும் குடலும் சாக்கடையில் போகின்றன. ஓர் இபாதத்தின் மிச்சம் இன்னொருவர் கிணற்றுக்கு நஜீஸாகலாமா? அவற்றைக் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளிக் குழிதோண்டிப் புதைப்பதல்லவா முறை?

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நிறைந்த நீரில் நிறம், மணம், சுவை மாறாதவரை ஒளுச் செய்யலாம் என்ற மஸ்அலாவைக் கொண்டு, 'தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது' என்று சிலர் கூறுவார்கள். ஒளுவுக்கு ஆகும் நீரெல்லாம் குடிக்கத் தகுந்த நீராகிவிடாது. நோய்க் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் சேரும் நைட்ரேட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. கைக்குழந்தைகளுக்கு அது மிகுந்த கெடுதி. பிறருக்குத் தீங்கு செய்யாதிருப்பது தனிக் கடமை. அதற்குத் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்ப்பதே வழி.

நாம் செய்யக்கூடியது என்ன? 1,000 சதுர அடித் தளத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் நீர் விழுகிறது. பெரம்பலூர்ப் பக்கம் பூமிக்கடியில் பாறை. தண்ணீர் மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலுமே தங்கும். அடித்துக்கொண்டு ஓடும் நீர் அங்கே இறங்காது. நிறுத்தி வைத்தால்தான் இறங்கும். 2003ஆம் ஆண்டில் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய்கள் பல வீடுகளில் உண்டு. அந்தக் குழாய் இன்று எங்கே போய் முடிகிறது என்று இந்த வாரமே பாருங்கள். முதல் மழை தளத்தின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருவதால் அதை வெளியே விட்டுவிடுங்கள். அடுத்த மழையை, அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் பரப்பிய குழியில் இறக்குங்கள். குழி கழிவுத் தொட்டியை விட்டு விலகியிருக்கட்டும்.

ஊரிலேயே பெரிய தளம் பெரும்பாலும் பள்ளிவாசலின் தளம்தான். முத்தவல்லிமார்களும் ஜமாஅத்தாரும் மழைக்கு முன்பே அதன் குழாயைச் செப்பனிட வேண்டும். ஒளுச் செய்த நீரைத் தெருவில் விடாமல் தென்னைக்கும் வேம்புக்கும் திருப்பலாம். வாலிபர்கள் புரட்டாசியிலேயே ஒன்று கூடி, மற்றச் சமயத்தாரையும் அழைத்துக்கொண்டு வரத்து வாய்க்காலைத் துப்புரவு செய்யலாம்.

ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமாக் கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டார்கள். நம்மில் பலருக்குக் கிணறு வாங்கி விட வசதி இல்லாமலிருக்கலாம். இருக்கிற கிணற்றைக் கெடுக்காமலிருக்கப் பணம் வேண்டியதில்லை. அல்லாஹ்வின் அச்சமும் ஒரு மண்வெட்டியும் போதும்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயன்தரும் மழையை அருளி, அந்த அமானத்தைப் பேணும் நல்லடியார்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.