மாதிரிக் கையொப்பம்

பாட முடியாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவனைப் பாடச் சொல்லிக் கேட்பதில் ரசிகனுக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கேள்வியை நான் தேடிப் போகவில்லை. 2025 ஜூலை 5ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, அது என் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று பர்மிங்ஹாமில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், பிளாக் சப்பாத் குழுவின் விடைபெறும் நிகழ்ச்சி. ஆஸி ஆஸ்பர்ன், டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் ஆகிய நால்வரும் இருபது வருஷங்களுக்குப் பிறகு ஒரே மேடையில். அவர்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில்தான் அந்த மைதானம் இருக்கிறது. பணம் கட்டினால் இணையம் வழியாகப் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் பிந்தி வரும். கட்டினேன். மெட்டாலிகா, கன்ஸ் அன்ட் ரோஸஸ் எல்லாம் வாசித்து முடித்து ஆஸி வந்தபோது இங்கே விடியப்போகிற நேரம். மேடைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் எழும்பிற்று. அதில் அவர் உட்கார்ந்திருந்தார். பார்க்கின்ஸன் நோய் இருப்பதை 2020இலேயே வெளியில் சொல்லியிருந்தார். 2019இல் வீட்டில் விழுந்ததற்குப் பிறகு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சைகள். நின்று பாட முடியாது. கைகளை உயர்த்தினார், கண்களை உருட்டினார், கூட்டத்தை அதட்டினார். 'மாமா, ஐம் கமிங் ஹோம்' பாடலில் குரல் உடைந்தது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, 76 வயதில் இறந்துபோனார்.

செய்தியைப் படித்தவுடன் என் மனசில் எழுந்த முதல் எண்ணத்தை இங்கே எழுதிவிடுவதுதான் யோக்கியம். "நல்லவேளை, பார்த்துவிட்டோம்" என்பதுதான் அது. துக்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது, ஏதோ ஒன்றைச் சரியான சமயத்தில் வாங்கிவிட்டவனின் திருப்தி. இந்தக் கட்டுரை அந்தத் திருப்தியைப் பற்றியது.

*

ராக் இசையைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று யோசித்தேன். வேண்டியதில்லை. கல்லூரி விடுதியில் ஷேக்ஸ்பியர் பாடத்துக்கு வெளியே எனக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்ததில் பிளாக் சப்பாத்தின் முதல் இசைத்தட்டுக்குப் பங்கு உண்டு. 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவு செய்து, 1970 பிப்ரவரி 13இல் வெளியிட்டது. அயோமி, தகரத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் தந்திகளை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு மூடி செய்துகொண்டார், தந்திகளைத் தளர்த்திக்கொண்டார். அந்தக் கனத்த நாதம் பிறந்ததில் ஓர் ஊனத்துக்கும் பங்கு இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பற்றிப் பேச முடியும். இந்தக் குழுவின் சங்கீதத்தில் உடம்பு முதலிலிருந்தே சம்பந்தப்பட்டிருக்கிறது.

அதற்கு ஏழு வாரம் முன்னால், மே 17 அன்று, மும்பை மகாலக்ஷ்மி பந்தய மைதானத்தில் கன்ஸ் அன்ட் ரோஸஸ் கேட்டேன். இரண்டு நாள் லீவு, ரயில், ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு. ஆக்ஸல் ரோஸுக்கு 63 வயது. 1987இல் வெளிவந்த இசைத்தட்டில் இருக்கிற குரல் உச்சத்தில் இப்போது இல்லை என்பது எல்லோரும் அறிந்தது. என் காதும் அறிந்தது. ஒவ்வொரு பாட்டிலும் அந்த உச்சம் நெருங்கும்போது என் உடம்பு இறுகுவதைக் கவனித்தேன். எட்டுவாரா, மாட்டாரா? பக்கத்தில் நின்ற பையன் சொன்னான்: "வீட்டில் ரெக்கார்டைக் கேட்டிருக்கலாம்." அவனைக் கடிந்துகொள்ள நினைத்தேன். முடியவில்லை. அவன் வாய்விட்டுச் சொன்னதை நான் உடம்புக்குள் வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நம்மிடம் இதற்குப் பழைய சமாதானம் ஒன்று உண்டு. சாரீரம் போய்விட்டது, ஞானம் இருக்கிறது என்பார்கள் சபாவில். வயதான வித்வானுக்கு ரசிகர்கள் தருகிற சலுகை அது. ராக் இசையில் இந்தச் சலுகை செல்லுபடியாகாது. அதில் சாரீரத்தைத் தாண்டிய ஞானம் என்று தனியாக ஒன்றை எடுத்து வைக்க முடியாது. இளமையும் மூர்க்கமும்தான் அதன் சாஸ்திரம். அந்த இசைக்காரன் கிழவனாகும்போது தப்பித்துக்கொள்ள அவனுக்கு வேறு இடம் இல்லை.

பியானோக் கலைஞர் க்ளென் கூல்ட் 1964இல், முப்பத்தொரு வயதில், மேடையை ஒரேயடியாக விட்டுவிட்டார். கச்சேரிக் கூட்டத்தில் அவர் கண்டது ரத்த வேட்டையைப் பார்க்க வந்தவர்களின் மனோபாவம். கலைஞன் விழுவதற்காகவும் ஒரு பகுதி மனம் காத்திருக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஒலிப்பதிவுக் கூடத்தின் தனிமையில்தான் அறவுணர்வோடு இசை செய்ய முடியும் என்று அவர் நம்பினார். மும்பையில் என் உடம்பு இறுகியதை வைத்துப் பார்த்தால் கூல்ட் சொன்னது உண்மை. வில்லா பார்க் விஷயத்தில் இன்னும் உண்மை. நான் பணம் கட்டியது எதற்கு? பாட்டுக்கா, 'கடைசி' என்கிற வார்த்தைக்கா?

*

சரி, விழவே முடியாத ஓர் இசையை ஏற்பாடு செய்துவிட்டால்?

செய்துவிட்டார்கள். 2022 மே மாதம் முதல் லண்டனில் இதற்கென்றே கட்டிய அரங்கில் ஆபா குழுவின் நான்கு பேரும், 1979இல் இருந்த தோற்றத்தில், கணினிப் பிம்பங்களாக ஆடிப் பாடுகிறார்கள். பிம்பங்களுக்குப் பக்கத்தில் உயிருள்ள வாத்தியக்காரர்கள் பத்துப் பேர் நிஜமாகவே வாசிக்கிறார்கள். 2023 நவம்பர் 2இல் பீட்டில்ஸின் 'நௌ அன்ட் தென்' வந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் ஜான் லெனன் வீட்டில் பியானோவோடு கேஸட்டில் பாடி வைத்தது. 1995இல் மற்ற மூவரும் முயன்று கைவிட்டார்கள். இரைச்சலும் பியானோவும் குரலை மூடிக்கொண்டிருந்தன. பின்னர் இயந்திரக் கற்றல் குரலை மட்டும் உரித்தெடுத்துக் கொடுத்தது. 1980இல் சுடப்பட்டு இறந்தவரும், 2001இல் புற்றுநோயில் இறந்த ஹாரிசனும், எண்பதைத் தாண்டிய இருவரும் ஒரே பாட்டில். 2025 பிப்ரவரியில் அதற்கு கிராமி பரிசு கிடைத்தது. பரிசின் பெயர், சிறந்த ராக் 'நிகழ்த்தல்'. அந்த நால்வரும் இந்தப் பாட்டுக்காக ஓர் அறையில் ஒருமுறையும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னால் உடனே வால்டர் பெஞ்சமினைக் கொண்டுவந்து நிறுத்துவார். இயந்திரப் பிரதியில் கலையின் ஒளிவட்டம் அழிகிறது, இது தெரிந்ததுதானே என்பார். எனக்கு இது போதவில்லை. ஆபா அரங்கத்தில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, கண்ணீரும் இருக்கிறதாம். ஒளிவட்டத்துக்குக் குறைவில்லை. பதிவு என்றாலே பொய் என்றும் என்னால் சொல்ல முடியாது. நாடாவை வெட்டி ஒட்டுவதில்தான் பீட்டில்ஸே தம் உன்னதங்களை எட்டினார்கள். 'நௌ அன்ட் தென்' கேட்டு நானும் கலங்கினேன். அந்தக் கலக்கம் போலி என்று எழுதினால் அந்த வாக்கியம்தான் போலியாக இருக்கும்.

வேறுபாடு தொழில்நுட்பத்தில் இல்லை என்றால் எங்கே? எனக்குத் தோன்றுகிற இடம் இது. தவறிவிடக்கூடியவனும், மாட்டேன் என்று சொல்லக்கூடியவனும்தான் நிகழ்த்துகிறான். ஆபாவின் நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள், சம்மதித்தார்கள். பிம்பங்கள் தவறாது என்பது மட்டும்தான் குறை. அது ரசிகனின் நஷ்டம், யாருடைய பாவமும் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஹாக்னி டயமண்ட்ஸ்' (2023) தட்டில் சார்லி வாட்ஸ் இரண்டு பாட்டுகளில் டிரம்ஸ் வாசிக்கிறார். அவர் 2021இல் இறந்தவர். ஆனால் 2019இல் தன் கையால் வாசித்தது அது. இசைத்தட்டுக்கென்று தெரிந்து வாசித்தது. லெனனால் தவறவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கேஸட்டை 1994இல் கொடுத்தவர் மனைவி. பூர்த்தி செய்தவர் நண்பர். இதில் பேராசையை நான் பார்க்கவில்லை. நண்பனை விட்டுவிட முடியாதவனின் துக்கச் சடங்கு அது. சடங்கு என்று பெயர் சொன்னால் தலை வணங்குவேன். நிகழ்த்தல் என்று பெயர் சொல்லும்போதுதான் இடறுகிறது.

இந்த அளவுகோலின்படி ஆஸியின் மாலை சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிகழ்த்தல். குரல் உடைய முடிந்தது, உடைந்தது. வர மறுக்க முடிந்தது, வந்தார். ஆனால் விருப்பம் என்பது எவ்வளவு தூரம் விருப்பம்? ஐம்பத்தைந்து வருஷமாகக் கூட்டம் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால், வருவது அவன் விருப்பமா, கூப்பிட்டவர்களின் விருப்பமா? வருமானம் பார்க்கின்ஸன் ஆராய்ச்சிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் என்று அறிவித்திருந்தார்கள் என்பதால் வியாபாரம் என்று சுலபமாக ஒதுக்கவும் வழியில்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அவர் வந்தது அவருடைய கணக்கு. நான் எப்படிக் கேட்டேன் என்பது மட்டும் என் கணக்கு.

*

என் பிழைப்பு கணக்குதான். வங்கியில் குமாஸ்தா. எங்கள் கிளையில் ரயில்வே பென்ஷன்காரர்கள் அதிகம். ஒவ்வொரு நவம்பரிலும் தாங்கள் உயிரோடு இருப்பதாக அவர்கள் சான்று கொடுக்க வேண்டும். இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். இருந்தாலும் பலர் நேரில்தான் வருவார்கள். 2024இல் அப்படி வந்தவர் ஒருவர், பொன்மலைப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சான்று கொடுத்துவிட்டுப் பணம் எடுக்கச் சீட்டு நீட்டினார். கை நடுக்கம். கையெழுத்து, திரையில் இருந்த மாதிரிக் கையொப்பத்தோடு ஒத்துவரவில்லை. மாதிரி இருபது வருஷத்துக்கு முந்தியது. அருமையான கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் ஒரு வீச்சில் மேலே போகும்.

"சேரலையே ஐயா" என்றேன்.

"அதே கைதான் தம்பி" என்றார்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. நடுக்கக் கையெழுத்துக்கு விதியிலேயே வழி இருக்கிறது. படிவம் உண்டு, அதிகாரியிடம் கூட்டிப்போக வேண்டும், பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தை மிச்சம் பிடித்தேன். இன்னொரு நாள் நிதானமாகப் போட்டு எடுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்துக் கவுண்டரில் விரித்தார். தாள் முழுதும் அவர் கையெழுத்து, முப்பது நாற்பது தடவை. பழைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார். கடைசி வரிசையில் வால் ஏறக்குறைய மேலே போயிருந்தது. சீட்டில் அதைப் போட்டார். திரையோடு ஒத்துப்போயிற்று. பணம் கொடுத்தேன்.

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விதி நிறைவேறிற்று, அவ்வளவுதான். 2025 ஜூலையில், ஆஸி இறந்த செய்திக்குப் பிறகுதான் அந்தத் தாள் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மனிதரை, தன் சொந்தக் கையெழுத்தையே கள்ளக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். அவர் கையால் உண்மையாக விழுந்ததை மறுத்து, இருபது வருஷத்துக்கு முந்தைய அவரைப் போலவே நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்; நடித்ததற்குச் சம்பளம்போலப் பணமும் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். மகாலக்ஷ்மி மைதானத்தில் 1987ஐக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நான் செய்ததும் இதுதான். ரத்த வேட்டை என்று கூல்ட் சொன்னது பார்ப்பதில் இல்லை, ஒப்பிடுவதில் இருக்கிறது. அவர் அந்த ஒப்பீட்டிலிருந்து தப்பி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனார். அதை அங்கேதான் தயார் செய்கிறார்கள் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

க்யூர் குழு 2024 நவம்பரில் பதினாறு வருஷம் கழித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டது, 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. அதிலுள்ள பாட்டுகளில் சிலவற்றை 2022இலிருந்தே மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோரையும் அண்ணனையும் இழந்த ஒருவர் அறுபதைக் கடந்த குரலில் பாடுகிற பாட்டுகள். அவற்றை முதலில் மேடையில் கேட்டவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி எதுவும் இருக்கவில்லை. அப்போதைய குரல்தான் மாதிரி. அவர்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மற்றவர்கள் விஷயத்தில் அந்தக் காதை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அது சலுகையும் இல்லை, இரக்கமும் இல்லை. இரக்கத்திலும் ஒப்பீடு ஒளிந்திருக்கிறது.

'மாமா, ஐம் கமிங் ஹோம்' உடைந்த இடத்தை மறுபடி இரண்டு முறை கேட்டேன். முதல் முறை பழைய குரல் குறுக்கே வந்தது. இரண்டாவது முறை சிறிது நேரம் வராமல் இருந்தது.

2025 நவம்பரில் அவர் வந்தார். கையில் இந்த முறையும் மடித்த தாள். அதை விரிக்கவிடவில்லை. படிவத்தை எடுத்து வைத்து, "இப்போது எப்படி வருகிறதோ அப்படிப் போடுங்கள், ஐயா" என்றேன். போட்டார். கோடு நடுங்கிக்கொண்டே போய் வால் இல்லாமல் நின்றது. அதிகாரியிடம் கூட்டிப்போய் ஒப்பம் வாங்கி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கணினியில் ஏற்றினோம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"இது போதுமா தம்பி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கையிலிருந்த தாளைக் கிழிக்காமல் மறுபடி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.