சேர்த்து வைப்பதற்கு முன்னால்

(ஆண்டின் பொதுக்காலம் 21ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. வாசகங்கள்: யோசுவா 24, எபேசியர் 5, யோவான் 6)



தன்னைப் பொறுத்தவரை, தன் வீட்டைப் பொறுத்தவரை, யாருக்கு ஊழியம் செய்வது என்று முடிவாகிவிட்டது என்கிறார் யோசுவா. முதல் வாசகத்தில் கேட்டோம். வீடு மந்திரிக்கப் போகிற இடத்திலெல்லாம் இந்த வசனத்தைப் பார்க்கிறேன். நிலைக்கதவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும், இல்லாவிட்டால் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே, கதவைச் சாத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இரண்டாம் வாசகத்தில், மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்ற வரி வந்ததும் ஆண்கள் பக்கத்தில் ஓரிருவர் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். அடுத்த வரிகளுக்கு அந்த நிமிர்வு இல்லை. மனைவியருக்குப் பவுலடியார் சொல்வது 22 முதல் 24 வரை, மூன்றே வசனம். 25இல் கணவர்களைப் பிடித்துக்கொண்டவர் லேசில் விடுவதில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், 21ஆம் வசனத்தில், ஒருவருக்கொருவர் பணியச் சொல்லித்தான் பேச்சையே தொடங்குகிறார். கணவன் தலை என்றால், கிறிஸ்து தலையாக இருப்பதுபோல என்கிறார். கிறிஸ்து யாரையும் அடித்துத் தலையானவர் அல்லர், அடி வாங்கியவர். முள்முடி எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதைத் 'தலை'யாக இருக்க ஆசைப்படுகிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களிடம் கணவனின் வன்முறையைப் பற்றிக் கேட்டார்கள். அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம், இந்தியா முழுவதற்குமான கணக்கு 29.3. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கிறோம் என்று மார்தட்டுகிற மாநிலம் இது. நம் கோயிலில் பெண்கள் அந்தப் பக்கம், ஆண்கள் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் பார்த்துப் பேசும்போது இந்தக் கணக்கு எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட ஒரு பெண் வாய் திறந்தால் ஊர் என்ன செய்கிறது? சேர்த்து வைக்கிறது. பெரியவர்கள் நாலு பேர் உட்காருவார்கள். அவனை ரெண்டு வார்த்தை கண்டிப்பார்கள். அவளிடம், "பிள்ளைங்க முகத்தைப் பாரும்மா, குடும்பம்னா நாலும் இருக்கத்தான் செய்யும்" என்பார்கள். அம்மா வீட்டிலும் அதே பாட்டு: வாழாவெட்டியா வந்து நிக்காதே, பின்னாடி தங்கச்சி இருக்கா. கடைசியில் இரண்டு பேரையும் பங்குச் சாமியார் முன்னால் நிறுத்தி ஆசீர்வாதம் வாங்கிக் கொடுத்தால் காரியம் சுபம். மறு வாரம் அந்த வீட்டில் டி.வி. சத்தம் கூடுதலாகக் கேட்கும். ஏன் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும்.

சேர்த்து வைப்பது கிறிஸ்தவக் கடமைதானே சாமி என்று கேட்பீர்கள். சாமுவேல் முதல் நூலைக் கொஞ்சம் பார்ப்போம். சவுல் அரசர், தாவீது அவர் வீட்டு மருமகன். தாவீது யாழ் மீட்டிக்கொண்டிருக்கும்போதே சவுல் ஈட்டியை எறிகிறார். யோனத்தான் நடுவில் நின்று பேசுகிறார். சவுல் மனம் மாறி, ஆண்டவர்மேல் ஆணையாக அவனைக் கொல்லமாட்டேன் என்கிறார். தாவீது வீடு திரும்புகிறார். சேர்த்து வைத்தாயிற்று. இது 19ஆம் அதிகாரத்தின் தொடக்கம். அதே அதிகாரத்தில் நாலு வசனம் தள்ளிப் போனால், அதே வீடு, அதே யாழ், மறுபடியும் ஈட்டி. அன்றிரவு தாவீதை ஜன்னல் வழியாக இறக்கித் தப்பவிட்டவர் சவுலின் சொந்த மகள் மீக்கால். அப்பாவின் ஆணையை அவர் நம்பவில்லை.

பிறகு சவுல் அழுகிறார். 24ஆம் அதிகாரத்தில் வாய்விட்டே அழுகிறார். 26ஆம் அதிகாரத்தில், நான் பாவம் செய்துவிட்டேன், திரும்பி வா மகனே, இனி உனக்குத் தீங்கு செய்யமாட்டேன் என்கிறார். அடித்துவிட்டு மறுநாள் காலையில் பரோட்டா வாங்கிவந்து, கண் கலங்கி, பிள்ளைகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்கிறவர்களை அறிந்தவர்களுக்கு இந்த அதிகாரம் புதிதாக இருக்காது. தாவீது என்ன செய்தார்? மன்னித்தார். கைக்கெட்டிய தூரத்தில் சவுல் தூங்கியபோதும் அவரைத் தொடவில்லை. ஆனால் திரும்பிப் போகவில்லை. தம் வழியே போனார். அதற்காகத் தாவீதை யாரும் மன்னிக்கத் தெரியாதவர் என்று சொன்னதில்லை. அடிபட்ட பெண் திரும்பிப் போகத் தயங்கினால் மட்டும் சொல்கிறோம்.

நாளை மறுநாள் புனித மோனிக்காவின் திருநாள். அந்த அம்மாவையும் இந்த விஷயத்தில் சாட்சிக்கு இழுப்பார்கள். அகுஸ்தினார் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூலின் ஒன்பதாம் பகுதியில், தம் தந்தை பத்ரீசியுஸ் முன்கோபி என்பதை மறைக்கவில்லை. தகாஸ்தே ஊர்ப் பெண்கள் முகத்தில் அடித் தழும்போடு வந்து புலம்புவார்களாம். மோனிக்கா அவர்களிடம், கோபத்தில் இருக்கும் கணவனை எதிர்த்துப் பேசாதீர்கள், திருமண ஒப்பந்தத்தால் நீங்கள் பணிப்பெண்கள் ஆனதை மறக்காதீர்கள் என்பாராம். நாலாம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவில் போக்கிடமில்லாத பெண்களுக்கு அவரால் சொல்ல முடிந்தது அது. மோனிக்காவின் செபத்தை, கண்ணீரை, விடாப்பிடியை உங்களுக்குத் தருவேன். அந்த அறிவுரையைத் தரமாட்டேன்.

திருச்சபையும் இன்று அதைத் தரவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1153ஆம் சட்டம்: கணவனோ மனைவியோ மற்றவரின் அல்லது பிள்ளைகளின் உடலுக்கோ உள்ளத்துக்கோ பெரும் ஆபத்து விளைவித்தால், பிரிந்து வாழ அது நியாயமான காரணம். முறைப்படி ஆயரின் ஆணை வேண்டும்; ஆனால் தாமதித்தால் ஆபத்து என்ற நிலையில், அனுமதிக்குக் காத்திராமல் தாமாகவே வெளியேறலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' 241ஆம் பத்தியில் ஒரு படி மேலே போய், மனைவியையும் குழந்தைகளையும் காப்பதற்குப் பிரிவு அறநெறிப்படியே தேவையாகிற நேரமும் உண்டு என்கிறார். அப்படி வெளியேறுகிற பெண்ணுக்கு அந்தக் காரணத்துக்காக நற்கருணை மறுக்கப்படாது. இதைத் தெரியாமல் பலர் பயந்து கிடக்கிறார்கள்.

குடிதான் சாமி காரணம் என்பீர்கள். டாஸ்மாக் செய்கிற கேட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த வாரம் வேளாங்கண்ணிக்கு நடக்கப் போகிறவர்களைப் பாருங்கள். 29ஆம் தேதி கொடியேற்றம். காவி கட்டியதிலிருந்து குடியில்லை, கையும் ஓங்குவதில்லை. அடக்க முடிகிறது, பார்த்தீர்களா? குடித்திருக்கும்போதும் வி.ஏ.ஓ.வை அடிப்பதில்லை, கடன் கொடுத்தவரை அடிப்பதில்லை. வீடு வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் அடிக்கிறார்கள். குடியே தொடாமல் அடிக்கிறவர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்கள் ஞாயிறு பூசையும் தவறுவதில்லை.

அடி மட்டும்தான் கொடுமை என்று நினைக்காதீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவள் கணக்கில் ஏறுகிறது, ஏ.டி.எம். கார்டு அவன் சட்டைப்பையில். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் அவள் பேரில், செலவு அவனுடையது, தவணைக்காரர் வந்து நின்று சத்தம் போடுவது அவள் வாசலில். போன் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவிடுவதில்லை. அன்பியக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்தவள் இப்போது வருவதில்லை, கேட்டால் "வேலை". நூறு நாள் வேலையில் சித்திரை வெயிலுக்குக்கூட மேல்சட்டையைக் கழற்றுவதில்லை. அவன் பைக் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் விளையாட்டை விட்டு எழுந்துபோகிறார்கள். இதில் ஏதோ ஒன்றை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்து கண்ணில் பட்டால், தனியாக இருக்கும்போது கேளுங்கள். கழுத்தை நெரித்தான் என்று ஒரு பெண் சொன்னால், அதை மற்ற அடியோடு சேர்க்காதீர்கள். காயம் வெளியே தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அது உயிருக்கு வைத்த குறி.

எப்படிக் கேட்பது? தண்ணீர்க் குழாயடியில், குழுக் கூட்டம் முடிந்து நடந்துவரும்போது, "நீ நல்லாருக்கியா?" என்று ஆரம்பித்தால் போதும். அவள் சொன்னால் நம்புங்கள். "நீ என்ன சொன்னே, அவன் எதுக்குக் கை நீட்டுனான்?" என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். அவளுக்காகப் பொங்கி நேராக அவனிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். நீங்கள் வீடு திரும்பிய பிறகு அதற்கும் சேர்த்து அவள்தான் வாங்குவாள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இவற்றின் நகலை உங்கள் வீட்டு அரிசிப் பானையில் வைத்துக்கொடுக்கலாம். உடனே கிளம்பு என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். கிளம்புகிற நேரம்தான் ஆபத்து அதிகமான நேரம். எப்போது, எப்படி என்பதை அவள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. கடைசி பஸ் போய்விட்டால் அதோடு சரி. ஆட்டோக்காரர் அவன் பங்காளி. வார்டு உறுப்பினர் மாமன் முறை. மகளிர் காவல் நிலையமோ தாலுகா ஊரில். ஆகவே ராத்திரியில் அவளுக்கு இருப்பது பக்கத்து வீட்டுக் கதவு ஒன்றுதான். சாட்சிக்கு அலைய வேண்டிவருமே என்று பயந்து அந்தக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். தகவலை யாரும் சொல்லலாம். 181 பெண்களுக்கான உதவி எண். அதே சட்டத்தில், வீடு யார் பேரில் இருந்தாலும் அதில் வாழும் உரிமை அவளுக்கு உண்டு. 'என் வீட்டை விட்டு வெளியே போ' என்பது சட்டத்தில் செல்லாது. அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டினால் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டுப் பதிவைக் கேளுங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

அடிக்கிறவர்களே, நீங்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், சாமி மன்னித்துவிட்டார், இனி அவள் என்ன பேசுவது என்று வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். திருந்துகிற மனது இல்லாமல் கேட்ட பாவமன்னிப்பைக் காட்டி அவள் வாயை அடைக்க உங்களுக்கு உரிமை இல்லை. உண்மையாகவே மனம் திரும்பியவர், அவள் எப்போது வருவாள் என்று கேட்கமாட்டார். அவள் வராமலே இருந்தாலும் பிள்ளைகள் செலவுக்குப் பணம் அனுப்புவார். 'இந்தப் பேச்சு மிதமிஞ்சிப் போகிறது, இதை யார் கேட்பது' என்று முணுமுணுத்துக்கொண்டு சீடர்கள் பலர் இயேசுவை விட்டுப் போனதை இன்றைய நற்செய்தி சொல்கிறது. போனவர்களுக்காக அவர் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் மாற்றப்போவதில்லை.

இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணுக்கு. நீ தலையாட்ட வேண்டாம், கண் கலங்க வேண்டாம். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கலாம். நீ செய்த பாவத்துக்கு வந்த சிலுவை அல்ல இது. யேசு சாமி சுமக்கச் சொன்ன சிலுவையும் அல்ல. செவ்வாய்க்கிழமை மோனிக்கா திருநாள் பூசை முடிந்ததும் கன்னியர் மடத்தின் முன்னறை திறந்திருக்கும். பீடத்துக்குப் பூ கட்ட ஆள் தேவை என்று தாய்மார் சங்கம் எல்லா வீட்டுக்கும் சொல்லி அனுப்பும். பூவும் உண்மையாகவே இருக்கும். சிஸ்டர் தனியாகப் பேசுவார்கள். நீ சொல்வது என் காதுக்கு வர வேண்டாம் என்று நினைத்தால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடு, வராது. செவ்வாய் முடியாவிட்டால் அடுத்த செவ்வாயும் பூ கட்டுவார்கள்.