கண்ணாடியும் கூடையும்

கண்ணாடிக்கு அப்பால் ஒரு கடல்! தலைக்கு மேலே திருக்கை ஒன்று அகன்ற சிறகு விரித்து மிதந்து சென்றது. சுறா ஒன்று ஓசையின்றி வலம் வந்தது. கண்டவர் வாயெல்லாம் வியப்பு. குழந்தைகளின் கண்ணெல்லாம் ஒளி!

விடுமுறை நாளொன்றில், அண்ணன் மகளை அழைத்துக்கொண்டு சென்னையில் மீன் காட்சியகம் காணச் சென்றிருந்தேன். அருகே நின்ற ஒருவர் தம் மகனைத் தோள்மீது ஏற்றி, "பாரடா, எவ்வளவு அழகு!" என்று நெகிழ்ந்தார். அழகுதான், ஐயமில்லை.

மாலையில் பேருந்து ஏறினோம். அவரும் அதே பேருந்தில் இருந்தார். இரண்டு நிறுத்தம் கடந்ததும், மீன் விற்றுத் திரும்பும் மூதாட்டி ஒருவர் ஏறி, அவர் இருக்கையருகே வெறுங்கூடையை இறக்கி வைத்தார். மனிதர் எழுந்தார்; கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்; மகனை இழுத்துக்கொண்டு பின்புறம் போய் நின்றார்.

"சித்தப்பா! காலையில் காசு கொடுத்து மீனைப் பார்த்தவர், இப்போது மீன்கூடையைக் கண்டு ஏன் ஓடுகிறார்?" என்று கேட்டாள் அண்ணன் மகள்.

விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. வினாவோ என்னை விடவில்லை.

"நாற்றம் அடித்தது, நகர்ந்தார், இதிலே குற்றம் என்ன?" என்பார் உண்டு. அறிவைக் கொண்டே ஆராய்வோம், தோழர்களே! கடல்மீனின் உடலில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. சுறாவும் திருக்கையும் உப்புக்கடலைத் தாங்கி வாழத் துணைசெய்யும் பொருள்களுள் அதுவும் ஒன்று. அதற்கு வாடை இல்லை. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. நாம் முகஞ்சுளிப்பது அதற்கே. புளி பட்டால் அது அடங்கும்; நம் வீட்டு மீன்குழம்பே அதற்குச் சான்று. காலையில் நாம் கண்டு களித்த திருக்கையின் உடலிலும் அதே பொருள்தான். அங்கே மீனுக்கு உயிர் இருந்தது. இடையிலே கண்ணாடி இருந்தது. வேறுபாடு அவ்வளவே!

மூக்கு சுளிப்பது உடலின் இயல்பு. அதைக் குற்றம் என்பாரில்லை. ஆனால் அந்த வாடை, கூடையை விட்டுச் சுமந்தவள்மீது ஏறி, சுமந்தவளை விட்டு அவள் பிறப்பின்மீது ஏறி, 'இவள் தாழ்ந்தவள்' என்ற தீர்ப்பாக மாறுகிறதே, அதுவும் இயல்புதானா? மருந்து வாடையோடு மருத்துவர் வந்தால் எழுந்து இடம் தருகிறோம். மீன் வாடையோடு உழைப்பாளி வந்தால் எழுந்து ஓடுகிறோம். மூக்குக்குச் சாதி தெரியாது. அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்!

எங்கோ ஒருவர் செய்த செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. 2021 டிசம்பரில், குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்று வீடு திரும்ப முயன்ற மூதாட்டி ஒருவர், நாற்றம் என்று கூறி அரசுப் பேருந்தினின்று இறக்கிவிடப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காட்சியை நாடே கண்டது. ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த ஆண்டு அதுதான். கட்டணம் போயிற்று, கறை போகவில்லை!

வரலாறும் ஒரு செய்தி சொல்கிறது. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர், அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளாக அவர் எழுதிய நூல் வெளிவந்ததும் அதே 1909-இல்தான். அதற்காக அவர் மக்களின் தலையை அளந்தார், மூக்கையும் அளந்தார்! அன்று மூக்கை அளந்து மனிதரை வகுத்தார்கள். இன்று மூக்கைப் பொத்தி மனிதரை வகுக்கிறார்கள். கருவி மாறிற்று, கருத்து மாறிற்றா?

நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், தொட்டியிலுள்ள மீன் அதன் உண்மைத் தொலைவில் ஏறத்தாழ முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தோன்றும். மீனை அருகே காட்டும் அந்தக் கண்ணாடி, மீனவரை எங்கோ தள்ளிவிட்டது. யார் அந்த மீனவர்? ஆங்கிலமே இரவல் வாங்கிய 'கட்டுமரம்' என்னும் சொல்லுக்கு உரியவர். கொண்டல், கச்சான், வாடை என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைக் கற்றவர். வாடை என்றதும் நமக்கு மூக்கைப் பொத்தத் தோன்றுகிறது. அவருக்கோ அது கடலிலே வீசும் காற்றின் பெயர்!

மீன் காட்சியகம் வேண்டாம் என்பதன்று என் கருத்து. செல்லுங்கள், சிறுவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால், காட்சியைக் கண்டு வியந்த கண், அந்தக் கடலோடு போராடும் மனிதரைக் கண்டு மூடிக்கொள்ளுமானால், கட்டணம் கட்டி நாம் கற்றது என்ன?

அன்று அந்தப் பேருந்தில் நான் என்ன செய்தேன்? மனத்துக்குள் அந்த மனிதரைக் கண்டித்தேன். இருக்கையை விட்டு எழவில்லை. எழுந்தவள் அண்ணன் மகள். "பாட்டி, இப்படி உட்காருங்கள். இன்று என்ன மீன் கொண்டுபோனீர்கள்?" என்றாள். மூதாட்டி முகம் மலர்ந்தது. சங்கராவைப் பற்றிச் சொன்னார். வஞ்சிரத்தைப் பற்றிச் சொன்னார். இறங்குமிடம் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று இரண்டு காட்சியகம் கண்டேன், தோழர்களே! இரண்டாவதில் கண்ணாடி இல்லை.