சிக்கனமும் வரையறையும்

மேட்டுப்பாளையம் என்றதும் பலருக்குக் கோவைப் பக்கத்து ஊரே நினைவுக்கு வரும். யான் கூறுவது புதுச்சேரியில், தொழிற்பேட்டையும் லாரி முனையமும் உள்ள மேட்டுப்பாளையம். அங்கே தொழில் நடத்தும் நண்பர் ஒருவர் அண்மையில் பெரிய கார் ஒன்று வாங்கினார். "பழைய காரைவிட இது பெரியது, ஆயினும் பெட்ரோல் குறைவாகவே செலவாகிறது. ஆகவே, என் விரதத்துக்கு இதனால் குறையொன்றும் இல்லையே?" என வினவினார். அன்று எனக்கு விடை கூற இயலவில்லை.

முதலில் எஞ்சினின் இயல்பை அறிவோம். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ, அதனினும் குறைவோதான் காரை நகர்த்தப் பயன்படுகிறது. எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாய் வீணாகிறது. பெரிய எஞ்சினுக்கு மற்றொரு குறையும் உண்டு. நகரத் தெருவில் அதன் வலிமையில் சிறு பகுதியே வேண்டப்படும். அப்போது காற்று நுழையும் வழி பெரிதும் மூடியிருப்பதால், காற்றை உறிஞ்சுவதற்கே ஆற்றல் விரயமாகிறது. இதனைத் தவிர்க்கவே, வேண்டாத வேளையில் சில சிலிண்டர்களை உறங்கச் செய்யும் முறை தோன்றியது. 1981-இல் கேடிலாக் கார்களில் எட்டு சிலிண்டர்கள் ஆறாகவும் நான்காகவும் குறைந்தன. அம்முயற்சி சரிவர நடவாமல் விரைவில் தளர்ந்தது. 1990-களின் இறுதியில் மெர்சிடிஸ் பென்ஸ், பன்னிரண்டில் ஆறினை நிறுத்தும் முறையைக் கொணர்ந்தது.

இஃது இகழத்தக்கதன்று. தீயும் காற்றும் உயிருடையன என்பது நம் கொள்கை. எரிப்பது குறையின் இம்சையும் குறையும். ஆயின், ஆறு போதுமெனில் பன்னிரண்டு எதற்கு?

நிலக்கரியைப் பற்றி 1865-இல் நூல் எழுதிய ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர், நீராவி எஞ்சின் சிக்கனமாகச் சிக்கனமாக நிலக்கரிச் செலவு குறையாமல் பெருகியதை எடுத்துக்காட்டினார். நண்பர் செய்தியும் அதுவே. முன்பு பேருந்தில் சென்ற இடங்களுக்கெல்லாம் இப்போது காரில் செல்கிறார். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைந்தது. ஓடும் கிலோமீட்டர் கூடியது.

அரசின் சட்டமும் இவ்வினாவைத் தீர்ப்பதில்லை. 2017 முதல் நம் நாட்டில் கார் நிறுவனங்களுக்கு எரிபொருள் வரையறை நடைமுறைக்கு வந்தது. 2022-இல் அது கடுமையாயிற்று. எனினும் அவ்வளவு காரின் எடையைப் பொறுத்தது. எடை கூடினால் அளவும் தளரும். அதே 2017-இல், விலையுயர்ந்த கார்களை வாங்கிய சிலர் வரியை மிச்சப்படுத்தப் பொய் முகவரி தந்து புதுச்சேரியில் பதிவு செய்தனர் என்ற புகார் கேரளத்தில் எழுந்து, விசாரணையும் நடந்தது. மிச்சம் பிடிப்பது வேறு, பற்றைக் குறைப்பது வேறு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றித் தீ மூட்டுவதையும் பயனின்றித் திரிவதையும் அனர்த்த தண்டத்துள் வைத்தார். கார் ஓட்டுதலில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன அல்லவா? போகோபபோக பரிமாண விரதமோ, எவ்வளவு திறம்பட நுகர்கிறாய் என்று கேட்பதில்லை; எவ்வளவோடு நிறுத்துவாய் என்றே கேட்கிறது. சிக்கனம் எஞ்சினின் குணம். வரையறை உயிரின் குணம். முன்னதை விலைக்கு வாங்கலாம். பின்னதை நாமே ஏற்க வேண்டும்.

சென்ற மாதம் இவ்விடையை நண்பரிடம் கூறினேன். "காரில் குற்றமில்லை. மாதத்துக்கு இத்தனை லிட்டர் என வரையறுத்துக்கொள்ளுங்கள். அப்போது அந்த எஞ்சினின் சிக்கனமும் விரதத்துக்குத் துணையாகும்" என்றேன். சற்றுச் சிந்தித்து ஓர் எண்ணைச் சொன்னார். எனக்கு அது பெரிதாகவே தோன்றியது. ஆயினும் எல்லையே இல்லாத இடத்தில் ஓர் எல்லை பிறந்துவிட்டது.

பின்னர் அவர், "உங்கள் ஸ்கூட்டருக்கு எத்தனை லிட்டர்?" என்றார். யான் வரையறுத்திருக்கவில்லை. அன்றிரவே வரையறுத்தேன்.