கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில்

வயோதிபப் பெற்றோருடன் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்வராத குடும்பங்கள் இங்கு அவுஸ்திரேலியாவில் எம்மவரிடையே குறைவு. வைத்தியர் கேட்பதைத் தமிழிலும், அப்பா அம்மா சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிக் கொடுப்பது பிள்ளைகளாகிய எமது பொறுப்பாகி விடுகிறது. அதில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நல்லது என்றே இதனை எழுதுகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் ஓர் இரவு எமது தந்தையாருக்கு நெஞ்சுநோ வந்தது. வைத்தியசாலையில் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நோ எப்போது தொடங்கியது, கைக்குப் பரவுகிறதா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்னென்ன குளிசை எடுக்கிறார், முன்பு என்ன வருத்தம் இருந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார். எல்லாவற்றையும் அப்பாவிடம் கேட்டுச் சொன்னோம். அடுத்து, ஆண்மைக் குறைவுக்கான குளிசை ஏதும் அண்மையில் எடுத்தாரா என்று வைத்தியர் கேட்டார். கட்டிலருகே அம்மாவும் மருமகளும் நின்றார்கள். நாம் அப்பாவின் பக்கம் திரும்பாமலே "இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டோம்.

அது மரியாதை என்றே அப்போது நினைத்தோம். காரணம் பிறகுதான் விளங்கியது. நெஞ்சுநோவுக்கு நாக்கின் கீழ் கொடுக்கும் நைட்ரேட் மருந்து இரத்தக் குழாய்களை விரிக்கும். 1998 இல் வயாகரா என்ற பெயரில் வந்த சில்டெனாபிலை எடுத்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்துக்குள் அதைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு இறங்கலாம். தடலாபில் என்றால் 48 மணித்தியாலம். அப்பாவின் நடத்தையை அங்கு எவரும் விசாரிக்கவில்லை. எதைக் கொடுக்கலாம் என்பது மட்டுமே கேள்வி.

அம்மாமாரின் கதை வேறு. நாட்டு மருந்து அவர்களுக்கு மருந்துக் கணக்கிலேயே வராது. கந்தசஷ்டி விரதம் இருந்துகொண்டு சீனி வருத்தக் குளிசையையும் போட்டுவிட்டு, மகன் ஏசுவான் என்று "சாப்பிட்டனான்" என்பார்கள்.

நாம் காத்தது யாருடைய மானத்தை? அப்பாவுடையதையா, எம்முடையதையா? இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நீங்கள் கேட்டிருந்தாலும் என்ன? மகன் கேட்டால் எந்தத் தகப்பன் ஓமெண்டு சொல்லுவார்?" அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பிள்ளை அறியாத ஒரு வாழ்க்கை தகப்பனுக்கு இருக்கலாம். அதை வைத்தியருக்குச் சொல்லவும் எமக்குச் சொல்லாமல் விடவும் அவருக்கு உரிமை உண்டு. அப்படியென்றால், எவ்வளவு சரியாக மொழிபெயர்த்தாலும், நாம் அங்கு நிற்பதே உண்மைக்குத் தடையாகிறது.

இந்நாட்டில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 1973 இல் தொடங்கியது. 131 450 என்ற இலக்கத்தில் இரவு பகலாகக் கிடைக்கிறது. முகம் தெரியாத ஒருவரிடம் அப்பா மனம் திறக்கக் கூடும். நாம் சிறிது நேரம் வெளியே நிற்கலாம்.

ஆனால் நெஞ்சுநோ காத்திருக்காது. எவரையும் அழைக்க நேரமில்லாத அந்த நிமிடங்களில், "இதை என்னால் அப்பாவிடம் கேட்க முடியாது" என்றாவது சொல்லியிருக்கலாம். வைத்தியர் வேறு வழி பார்த்திருப்பார். "இல்லை" என்ற சொல்லை அவர் நம்பினார்.

அப்பா நலமாக வீடு திரும்பினார். அன்று வைத்தியர் கேட்டதை இன்றுவரை நாம் அவரிடம் சொல்லவில்லை.