ஜன்னலும் திரையும்

மருந்து ஒரு மனிதனின் காவல்களையெல்லாம் கழற்றிவிட்ட பிறகு அவன் கண்முன் எதை வைப்பது? சைலோசைபின் போன்றவற்றை மனநோய்க்குப் பிரயோகிப்பவர்கள் இயற்கையை வைக்கச் சொல்கிறார்கள்: மரம், நீர், மங்கிய வெளிச்சம். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் மனநல மருத்துவர்கள் சிலருக்கு இதை அனுமதித்திருக்கிறது. இங்கே 1985-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. ஆகவே நான் மாலையில் நடக்கிற பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இப்படியொரு நிலையம் என்பது வெறும் கற்பனைதான். கற்பனைக்கும் தர்க்கம் வேண்டியிருக்கிறது.

ராஜர் உல்ரிச் 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். பித்தப்பை அறுவைக்குப்பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக் கிடந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம். 23 ஜோடிகளை வைத்துச் சொன்னது. இருக்கட்டும். அந்த நோயாளிக்கு மரம் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மருந்தின் பிடியில் இருப்பவனுக்கு அந்தச் சுதந்திரம் மிகக் குறைவு. பார்ப்பது உள்ளே புகுந்துவிடுகிறது. அழகும் அப்போது ஒரு வற்புறுத்தல்தான்.

கனடாவின் சஸ்காச்சுவனில் கட்டடக் கலைஞர் கியோ இசுமி, ஐம்பதுகளில், தானே எல்.எஸ்.டி. சாப்பிட்டுவிட்டு மனநோய் மருத்துவமனைக்குள் போய்ப் பார்த்தார். தாழ்வாரம் முடிவற்று நீண்டது; சுவர் அலமாரி இருட்டுப் பொந்தாகப் பயமுறுத்தியது. பிறகு யார்க்டனில் நீண்ட தாழ்வாரங்களைத் தவிர்த்து ஒரு மருத்துவமனையை வரைந்தார். அவர் பயம் சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டது, நோயாளியின் பயம் அப்படியல்ல என்று ஆட்சேபிக்கலாம். ஆனாலும் எது அழகு என்று கேட்காமல் எது பயமுறுத்துகிறது என்று கேட்டாரே, அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனெனில் இயற்கை மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. ஏர்வாடியில் கடற்காற்று இருந்தது, கீற்றுக் கொட்டகை இருந்தது, இடத்தின் மகிமையில் குடும்பங்களுக்கு நம்பிக்கையும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 விடியலில் அங்கே ஒரு காப்பகம் எரிந்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். எழுந்து வெளியேற முடியாதபடி ஒருவனை ஆக்கிவிட்டுப் பக்கத்தில் உட்காருகிற எவரும் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்து கண்ணுக்குத் தெரிகிற இரும்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பருத்திப்பட்டு ஏரி சாக்கடை வாங்கிக் கிடந்து, 2019-இல் பூங்காவானது. இன்று பறவை பார்க்க வருகிறார்கள். ஆனால் ஆவடிக்காரர் ஒருவருக்கு ஏரி என்றால் தன் பிள்ளை முழுகிய தண்ணீராக இருக்கலாம். அவரிடம் மருந்துக்கு முன்பே கேட்டாக வேண்டும்; பின்பு கேட்டால் எதற்கும் தலையாட்டுவார். கேட்ட பிறகும் அந்த ஜன்னலுக்கு ஒரு திரை போடுவேன், இழுக்கிற கயிறு அவர் கைக்கு எட்டுகிற மாதிரி.